ஈரச் சுவரும் குதிகால் வலியும்

ரவூபுக்கு முன்னோர் வேலை கிடைத்தது.

கிண்டல் இல்லை, வேலையின் பெயரே அதுதான். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'முன்னோர் (ஆண்), பகுதிநேரம்' என்று அச்சடித்திருந்தார்கள். சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே, 'மரபு நனவனுபவ நடுவம்' என்றொரு நிறுவனம் இருக்கிறது. அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்பவர்களைத்தான் வேலைக்கு எடுப்பார்கள் என்று ரவூப் முதலில் பயந்துபோனார். அப்படியெல்லாம் இல்லை. அவருடைய மீசையை ஒரு குழு பார்த்து, இன்னொரு குழுவுக்குப் பரிந்துரைத்து, அங்கே அது தேறிவிட்டது.

நடுவத்தின் இரண்டாம் மாடியில் ஒரு மண்வீடு இருந்தது. அசல் மண். கப்பலில் வந்து, கிருமி நீக்கப்பட்டு, மண்தான் என்று சான்றிதழும் வாங்கிய மண். லிஃப்டைவிட்டு இறங்கினால் குளுகுளு ஏசிக்கு நடுவே மண்சுவர், மண்தரை, ஓலைக்கூரை. 'மின்சாரம் வந்த முதல் நாள்' என்பது காட்சியின் தலைப்பு. அதனால் உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேவல் கூவும் ஸ்பீக்கர்.

ரவூப் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கூடை முடைய வேண்டும். கூடை முடியக்கூடாது. முடிகிற மாதிரி வந்தால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பூன் லேயில் பத்தாவது மாடியில் பிறந்து வளர்ந்து, துணிக்கடையில் பில் போட்டு, கடை மூடியதும் வீட்டில் உட்கார்ந்திருந்தவர். மண்சுவரைத் தொட்டதே இங்கே வந்துதான்.

முன்னோர் (பெண்) பதவியில் சந்திரமதி இருந்தார். மார்சிலிங்காரர், சிப் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே அவருக்கு அம்மி. அவர் ரவூபை 'பாய்' என்பார், ரவூப் அவரை 'அக்கா' என்பார். அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டியை அக்கா என்றா கூப்பிட்டான் என்று ஒரு பார்வையாளர் புகார் எழுதிப்போட்டார். நடுவம் கூடி ஆராய்ந்து, முன்னோர் இனிமேல் பேசக்கூடாது என்று முடிவெடுத்தது. ரவூபுக்கு மட்டும் ஒரே ஒரு வசனம் அனுமதிக்கப்பட்டது: 'வாங்க, உட்காருங்க.'

இப்போது வயருக்கு வருவோம். வம்பெல்லாம் அதில்தான்.

ஒயரிங் வேலைக்கு வந்தவர் அருண்ராஜ். கிளமெண்டியில் கடை, கையில் லைசென்ஸ். முதல் கூட்டத்தில் அவர் நியாயமாகத்தான் பேசினார். மண்சுவருக்குள்ளே வயரைப் புதைக்கக்கூடாது. மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பைப் ஓட்டி, பைப்புக்குள் வயர் இழுக்க வேண்டும். சுவிட்சைத் தரையிலிருந்து உயரமாக, மரத்தூணில் வைக்க வேண்டும் என்றார்.

நடுவத் தலைவர் முனைவர் துரைசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பைப் வெளியில தெரியுமா?"

"தெரியும் சார்."

"பார்வையாளர்களுக்கு?"

"கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும் சார்."

அது பைப் துணைக்குழுவுக்குப் போனது. துணைக்குழு மூன்று கூட்டம் போட்டது; இரண்டில் சமோசா வந்தது. பிரவுன் பெயிண்ட் அடிக்கலாமா, கயிறு சுற்றி மறைக்கலாமா என்றெல்லாம் பேசி, கடைசியில் தீர்மானம் வந்தது: 'மண்வீட்டில் வயர் இருக்கலாம், இருப்பது தெரியக்கூடாது.' அடுத்த வருஷம் குயவர் குடிசைக்கும் உங்களுக்குத்தான் கான்ட்ராக்ட் என்று அருண்ராஜிடம் சொல்லப்பட்டது. அருண்ராஜுக்கு ஞானம் பிறந்தது. பைப்பும் இல்லை சட்டமும் இல்லை. சேற்றுப் பூச்சுக்குள் வெறும் வயரை, அதுவும் நேர்கோட்டில்கூட இல்லாமல் குறுக்காக, இழுத்து மெழுகிவிட்டுப் போனார். எங்கே போகிறது என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரியும். ஒரு வாரத்தில் அவருக்கும் மறந்துபோனது.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். கரண்ட் எங்காவது கசிந்தால் தானாகவே வெட்டிவிடுகிற டிரிப் சுவிட்சைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அது சட்டம். அதைச் செய்யாமல் லைசென்ஸ்காரரால் தூங்க முடியாது.

அப்புறம் நடுவம் தன் கைவரிசையை ஆரம்பித்தது. ஏசியில் சுவர் வறண்டு போய், 'மண்வாசனை போதவில்லை' என்று பார்வையாளர் கருத்துக்கணிப்பில் குறை வந்தது. உடனே நிகழ்ச்சி நிர்வாகி திவ்யதர்ஷினி தினமும் காலையில் ஸ்ப்ரேயர் எடுத்துச் சுவர் முழுக்கத் தண்ணீர் அடித்தார், தரைக்கும் சேர்த்து. வாசனை மதிப்பெண் ஏறியது. ஏறியதால் தண்ணீரும் ஏறியது. பிறகு, மண்வீட்டுக்குள் செருப்போடு போவது மரபல்ல என்று வாசலில் பலகை மாட்டினார்கள். பிறகு, சுவர் வெறிச்சென்று இருக்கிறது என்று தலைவர் சொல்ல, பழைய அரிக்கன் விளக்கொன்றைத் தொங்கவிட நீளமாய் ஓர் ஆணி அடித்தார்கள். ஆணி சேற்றுக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

அன்றிலிருந்து காலையில் தண்ணீர் அடித்ததும் 'டப்' என்று பல்பு அணையும். விசிறி நிற்கும். சேவல் பாதிக் கூவலில் செத்துப்போகும். அருண்ராஜ் வந்து சுவிட்சைத் தூக்கிவிடுவார். அது மறுபடியும் விழும்.

"என்னப்பா இது?" என்று தலைவர் கேட்டார்.

"எங்கயோ கசியுது சார். சுவத்தை உடைச்சுப் பாக்கணும்."

"உடைப்பதா? இது மரபு!"

"போன மாசம் கட்டினது சார்."

"மரபு என்பது வயதில் இல்லை தம்பி, பார்வையில் இருக்கிறது."

அவசரக் கூட்டம் கூடியது. முன்னோர் பிரதிநிதியாக ரவூபும் சந்திரமதியும் மூலையில் உட்கார வைக்கப்பட்டார்கள். தலைவர் எழுந்து நின்றார். மேடை இல்லாவிட்டாலும் அவர் பேசும்போது மேடை வந்துவிடும்.

"நண்பர்களே! மண் நம் தாய். தாய் பிள்ளைக்கு ஷாக் அடிப்பாளா? ஆயிரமாயிரம் ஆண்டுகள் நம் முன்னோர் மண்வீட்டில் வாழ்ந்தார்கள். சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். அவர்களில் ஒருவராவது மின்சாரம் தாக்கி இறந்ததாகச் சான்று உண்டா? ஒரே ஒரு கல்வெட்டு? ஓர் ஓலைச்சுவடி? இல்லை! ஆக, மண்சுவர் பாதுகாப்பானது என்பது வரலாற்றால் நிறுவப்படுகிறது. அப்படியானால் குறை எங்கே? அந்த சுவிட்சில்! அதுதான் விழுகிறது. சுவர் விழவில்லையே!"

கைதட்டல். ரவூபுக்கு எங்கேயோ இடித்தது, எங்கே என்று பிடிபடவில்லை. சந்திரமதி குனிந்து, "பாய், அந்தக் காலத்துல கரண்டே இல்லையே" என்றார். முன்னோர் பேசக்கூடாது என்று திவ்யதர்ஷினி உதட்டில் விரல் வைத்தார்.

'பார்வையாளர் அனுபவத்துக்குத் தொடர்ந்து இடையூறு விளைவிக்கும் கருவி' என்று டிரிப் சுவிட்ச் அறிவிக்கப்பட்டு, விலக்கப்பட்டது. டெம்பரரிதான், டெம்பரரிதான் என்று அருண்ராஜ் அதைத் தாண்டி வயரைச் சேர்த்தார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது; அறையில் அப்போது அவர் மட்டும்தான் இருந்தார்.

மறுநாள் பல்பு அணையவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

அன்று மதியம் ரவூபுக்கு முதுகு அரித்தது. சுவரில் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். யாரோ முதுகில் பல்லைப் பதித்து உலுக்கின மாதிரி இருந்தது. கூடை ஒருபக்கம், ரவூப் ஒருபக்கம். பல் கிட்டி, வசனம் வாய்க்குள்ளேயே நசுங்கியது. வாசலில் நின்ற சுற்றுப்பயணி ஒருவர் தத்ரூபம் என்று படம் எடுத்துக்கொண்டார்.

ஓடினார். திவ்யதர்ஷினி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சுவர் கடிச்சுதா? அங்கிள், அது ஃபீலிங்கா, ஃபேக்ட்டா?"

"கடிச்சுதும்மா. இங்க பாரு, மயிரெல்லாம் நிக்குது."

"ஓகே லா, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள எவ்ளோ குடுப்பீங்க?"

ரவூப் யோசித்தார். "நாலு."

"வாவ். நம்ம காட்சியிலேயே இதுதான் ஹையஸ்ட். 'உடலோடு உணரும் மரபு'ன்னு போட்டுக்கறேன்."

அதன்பிறகு ரவூப் சுவரில் சாயவில்லை. முதுகெலும்பைக் கம்பி மாதிரி நிமிர்த்தி உட்கார்ந்தார். முன்னோரின் கம்பீரம் கூடியிருக்கிறது என்று பாராட்டு வந்தது. சுவருக்கும் தனக்கும் நடுவே இருக்கிற ஒரு சாண் காற்றை நாள் முழுக்க முதுகாலேயே காவல் காத்தார். தண்ணீர் அடித்த தரையில் வெறும் பாதம் பட்டு ஜில்லென்றதும் காலை வெடுக்கென்று மடக்கிக்கொள்வார். சந்திரமதி அம்மியைச் சத்தமில்லாமல் அறைக்கு நடுவே நகர்த்திவிட்டார்.

அப்போதுதான் ரவூப் ஒன்றைக் கவனித்தார். நடுவத்தில் குதிகால் வலி பரவிக்கொண்டிருந்தது.

முதலில் அருண்ராஜ். தடித்த ரப்பர் செருப்போடு உள்ளே வந்தார். பலகையைக் காட்டியதும், "குதிகால் வலிண்ணே, டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார். மறுநாள் திவ்யதர்ஷினி, முள்ளங்கி நிற ரப்பர் செருப்பில். துணைக்குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நொண்டி நொண்டி வந்தார்கள். கடைசியில் தலைவரே இரண்டு விரல் உயர ரப்பர் அடி வைத்த காலணியோடு, மருத்துவச் சான்றிதழைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் யாரும் சுவர்ப்பக்கம் போகவில்லை. அறையின் நடுவிலேயே, அம்மியைச் சுற்றி, மணவறை சுற்றுவதுபோல் சுற்றிவிட்டுப் போனார்கள்.

அதுவரை ரவூப் இவர்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார். தெரியாதவர்களிடம் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்தவர்களிடம் என்ன சொல்வது?

"அக்கா, இவங்களுக்கு எல்லாம் தெரியும்க்கா."

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா பாய்? எனக்கும் டாக்டர்கிட்ட அந்த மாதிரி ஒரு சான்றிதழ், எம்சி, வாங்கலாம்னு போனேன். முன்னோருக்கு எம்சி கிடையாதாம். நாம செருப்பு போட்டா அசல் கெட்டுடுமாம்."

வெள்ளிக்கிழமை, அதிகாரபூர்வத் திறப்புவிழாவின் ஒத்திகையில் திவ்யதர்ஷினி நிகழ்ச்சி நிரலை வாசித்தார். சிறப்பு விருந்தினர் வருகை. தலைவர் உரை. பிறகு சிகர நிகழ்ச்சி: பாலர் பள்ளிப் பிள்ளைகள் வெறுங்காலோடு வரிசையாக வந்து, குழைத்த களிமண்ணில் இரண்டு கைகளையும் முக்கி, மண்சுவரில் அழுத்தித் தடம் பதிப்பார்கள். 'மண்ணைத் தொடு, மரபைத் தொடு.'

ரவூபின் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. ஈரக்கை. ஈரத்தரை. வெறும் கால். இரண்டு கையாலும் அழுத்தி.

ஒத்திகை முடிந்ததும் அருண்ராஜின் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பிடித்தார். "தம்பி, நாளைக்கு மட்டும் மெயினை ஆஃப் பண்ணிடு. உனக்குப் புண்ணியமா போகும்."

"சுவிட்சை விலக்கினதுலேருந்து பெட்டியைப் பூட்டி வெச்சிருக்காங்கண்ணே. சாவி வேணும்னா ரெண்டு பேரு கையெழுத்து. அதுல ஒருத்தரு மெல்பர்ன்ல இருக்காரு."

"பிள்ளைங்கப்பா!"

அருண்ராஜ் தரையைப் பார்த்தார். "நானும் பிள்ளைங்களை லேசா அழுத்தச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேண்ணே."

தலைவரிடமே போனார். தலைவர் உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ரவூப் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, தோளில் தட்டி, "உங்கள் அக்கறையைப் பதிவு செய்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் பேசுவோம்" என்றார்.

"முடிஞ்சப்புறம் பேசி என்ன சார் செய்யறது?"

"அறிக்கை வெளியிடலாம்."

சனிக்கிழமை காலை ரவூப் சாப்பிடாமல் வந்தார். விழாவுக்காகத் திவ்யதர்ஷினி சுவரில் இருமடங்கு தண்ணீர் அடித்திருந்தார். சுவர் மினுமினுவென்று, மூச்சுவிடுகிற பிராணி மாதிரி நின்றது. அரிக்கன் விளக்கின் ஆணியிலிருந்து ஒரு சொட்டு மெல்ல உருண்டு இறங்கியது. வாசலில் விருந்தினர், கேமராக்கள், நாற்காலிகள். சிறப்பு விருந்தினர் நல்ல பட்டுப்புடவை உடுத்திய ஓர் அம்மையார். எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படும் சுபாவம்.

லிஃப்ட் திறந்தது. பிள்ளைகள் வந்தார்கள். கையெல்லாம் களிமண், முன்னால் நீட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட. வரிசையில் மூன்றாவதாக வந்த பெண் ரவூபைப் பார்த்ததும் இரண்டு சேற்றுக்கையையும் ஆட்டினாள்.

"அத்தா!"

அனம். அவருடைய மகள். மனைவி முனீரா ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அத்தாவுக்கு சர்ப்ரைஸ் என்று தாயும் மகளும் பேசி வைத்திருப்பார்கள். ரவூபின் மடியில் கூடை நடுங்கியது.

தலைவர் உரை முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தார். "... வருக, இளம் தளிர்களே! உங்கள் பிஞ்சுக் கரங்களால் நம் முன்னோரை..."

ரவூப் எழுந்து நின்றார். எழுந்ததே விதிமீறல். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. பயத்தில் நாக்கு பழகின தடத்திலேயே ஓடியது.

"வாங்க, உட்காருங்க!"

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அத்தனையும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டன. திவ்யதர்ஷினி கண்ணை உருட்டினார். ஆசிரியை எழுப்பப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நேரம்தான். ரவூபின் வாய் தானாகத் திறந்தது.

"பெரியவங்க கை வைக்காத சுவத்துல பிள்ளைங்க கை வைக்கக்கூடாது! அது... அது எங்க முன்னோர் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை. அந்த நொடிதான் பிறந்தது.

சிறப்பு விருந்தினர் கன்னத்தில் கை வைத்தார். "அடடா! என்ன அழகான மரபு! அப்ப யாரு முதல் கை வைக்கணும்?"

"வீட்டுக்குத் தலைவர்" என்றது ஒரு குரல். முன்னோர் (பெண்), அம்மியிலிருந்து எழுந்திருந்தார். "ரெண்டு கையையும் நனைச்சுக்கிட்டு. செருப்பில்லாம. இல்லாட்டி வீட்டுக்கு ஆகாது."

கேமராக்கள் எல்லாம் முனைவர் துரைசாமியின் பக்கம் திரும்பின.

"எனக்கு... குதிகால்..." என்றார் தலைவர்.

"ஒரு நிமிஷம்தானே சார்! உங்க கை படாம எப்படி?" என்று அம்மையார் தானே களிமண் தட்டை ஏந்தி நீட்டினார்.

தலைவர் கையை முக்கினார். முக்கித்தான் ஆகவேண்டும். ஒரு காலணியைக் கழற்றினார். வெறும் கால் ஈரத்தரைக்கு மேலே கொக்கின் கால்போல அந்தரத்தில் நின்றது, இறங்கவில்லை. சுவரைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். ஏசிக் குளிரில் அவருடைய காதோரம் வேர்வை வடிந்தது. அறையில் அப்போது ஒரே மாதிரி பயந்துகொண்டிருந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் முதல்முறையாக.

"அருண்ராஜ்! மெயினை ஆஃப் பண்ணு!"

"சார், சாவி... மெல்பர்ன்..."

"உடைடா!"

உடைக்கத் தேவைப்படவில்லை. அருண்ராஜின் ஸ்க்ரூ டிரைவருக்குப் பெட்டி சமர்த்தாகத் திறந்துகொண்டது. பல்பு அணைந்தது. விசிறி நின்றது. சேவல் ஓய்ந்தது.

அந்த இருட்டில், முனைவர் துரைசாமி மூச்சை இழுத்துவிட்டு, குரலைக் கண்டுபிடித்தார். "நண்பர்களே! மின்சாரமற்ற இருளில்தான் நம் முன்னோர் மண்ணைத் தொட்டார்கள். அவ்வண்ணமே நாமும்!" கைதட்டல் கூரையைத் தூக்கியது. அவர் கண்ணை இறுக மூடி, காலை ஊன்றி, இரண்டு கையையும் சுவரில் வைத்தார். உதடுகள் துடித்தன. ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகள். அனம் தன் பங்குக்கு ஆணிக்குப் பக்கத்திலேயே பார்த்து அழுத்திவிட்டு, மிச்சச் சேற்றை அத்தாவின் வேட்டியில் துடைத்தாள். ரவூப் அவளை அள்ளி எடுத்துக்கொண்டு வெகுநேரம் கீழே விடவில்லை. "அத்தா, ஏன் ஆடறீங்க?" என்று கேட்டாள்.

கருத்துக்கணிப்பில் 'முதற்கை மரபு'க்கு இதுவரை யாரும் பார்க்காத மதிப்பெண். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் தலைவரே வெறுங்காலோடு, ஈரக்கையோடு தொடங்கிவைப்பார், அதுவும் விளக்கெரியும் வெளிச்சத்தில், படம் தெளிவாக விழவேண்டுமல்லவா என்று நிர்வாகக்குழு தீர்மானித்துவிட்டது. தீர்மானத்தைத் தலைவரால் எதிர்க்க முடியவில்லை. முன்மொழிந்தவர் சிறப்பு விருந்தினர்.

திங்கட்கிழமையே சுவர் உடைக்கப்பட்டது. ஆணி வயரின் வயிற்றில் குத்தி நின்றது. மரச்சட்டம் வந்தது, பைப் வந்தது, சுவிட்ச் மரத்தூணுக்கு ஏறியது, அரிக்கன் விளக்கும் தூணுக்கே போனது. டிரிப் சுவிட்ச் சகல மரியாதையோடு திரும்பி வந்தது. பார்வையாளர்களுக்குப் பைப் நன்றாகவே தெரிகிறது. 'தலைவரின் தொலைநோக்கு' என்று அதன் கீழே பித்தளையில் ஒரு பலகை இருக்கிறது. நடுவத்தில் குதிகால் வலி யாருக்கும் இல்லை. விதியை மீறிப் பேசியதற்காக ரவூபுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், அதே உறையில் 'மூத்த முன்னோர்' என்று பதவி உயர்வும் வந்தன.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை, கூட்டம் உள்ளே வருவதற்கு முன்னால், முனைவர் துரைசாமி மட்டும் வெறுங்காலோடு விரல்நுனியில் நடந்து ரவூப் பக்கத்தில் வந்து குனிந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ரவூப்... இன்னிக்கு சுவரைத் தொட்டுப் பாத்தீங்களா? ஒண்ணும் இல்லையே?"

காலையிலேயே புறங்கையால் தொட்டுப் பார்த்திருந்தார் ரவூப். ஒன்றும் இல்லை. ஆனால் எச்சரிக்கைக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது, விதி விதிதான். கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்கு அனுமதித்ததை மட்டும் சொன்னார்.

"வாங்க, உட்காருங்க."